கண்ணுக்குள் ஒரு மடை

அவருடைய கை விரல்கள் கோணியிருந்தன. கணுக்கள் வீங்கியிருந்தன. பேனா பிடிப்பதே கஷ்டம். ஆனால் அந்த விரல்களால்தான் அவர் 1 லட்சத்துக்கு மேற்பட்ட கண்களுக்கு ஆபரேஷன் செய்தார்!

அவர்தான் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர்.

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, ஆண்டிபட்டி. இந்த ஊர்களில் புரை எடுத்துக்கொண்ட பாட்டிமார் ஏராளம். அவர்களில் பலர் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அவர் வகுத்துக் கொடுத்த வழியில்தான் அவர்களுக்குப் பார்வை திரும்பியது.

அந்த வழியில் ஒரு சின்ன விஷயம் உண்டு. கண்ணைத் திறந்து வேலை செய்யும்போது, உள்ளே எவ்வளவு நீர் விடுவது, எந்த வேகத்தில் விடுவது என்பதுதான் அது. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். பார்வை போவதும் வருவதும் அதில்தான் இருக்கிறது.

மணலில் எழுதிய பையன்

எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரம் என்று ஒரு சிற்றூர். கரிசல் பூமி. அங்கே 1918-ம் ஆண்டு அக்டோபர் 1-ந்தேதி வெங்கடசாமி பிறந்தார். விவசாயக் குடும்பம். 5 குழந்தைகளில் அவர்தான் மூத்தவர்.

காலையில் எருமைகளைக் கவனிக்க வேண்டும். பிறகு பள்ளிக்கூடம். அங்கே காகிதம் கிடையாது, பென்சிலும் கிடையாது. ஆற்று மணலை அள்ளி வந்து தரையில் பரப்பி, விரலால் எழுதிப் படித்தார்கள் பிள்ளைகள்.

அவருக்கு 10 வயது ஆவதற்குள் ஒரு துயரம் நேர்ந்தது. உறவுக்காரப் பெண்கள் 3 பேர், ஒருவர் பின் ஒருவராகப் பிரசவத்தில் இறந்தார்கள். ஊரில் டாக்டர் இல்லை. பையன் மனதில் அது ஆழமாகப் பதிந்தது. பிரசவம் பார்க்கும் டாக்டராக வேண்டும் என்று முடிவு செய்தார்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் ரசாயனம் படித்து 1938-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1945-ல் ராணுவத்தில் டாக்டராகச் சேர்ந்தார். நினைத்தது நடந்துவிடும் போல இருந்தது.

நடக்கவில்லை.

கை போயிற்று

முடக்குவாதம் வந்தது. மூட்டுக்கு மூட்டு வலி. விரல்கள் வளைந்து இறுகின. 1948-ல் ராணுவத்தை விட்டு வர நேர்ந்தது. அப்போது அவருக்கு 30 வயது. மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். நிற்கவும் முடியவில்லை.

பிரசவம் பார்க்க வலுவான கைகள் வேண்டும். அந்தக் கனவு முடிந்து போயிற்று.

வேறொருவராக இருந்தால் மருந்து எழுதிக் கொடுக்கும் டாக்டராக இருந்துவிடலாம் என்று நினைத்திருப்பார். வெங்கடசாமி கண் மருத்துவம் படிக்கப் போனார். கண் ஆபரேஷனுக்குப் பலம் வேண்டாம், நுட்பம் போதும். 1951-ல் கண் மருத்துவப் பட்டயமும், 1954-ல் உயர் பட்டமும் பெற்றார். தன் விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டார். கத்தியைப் பிடிக்கப் பழகினார். கை நடுங்காமல் வெட்டப் பழகினார்.

1956-ல் மதுரைக்கு வந்தார். மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவின் தலைவர். எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில் கண் டாக்டர். பிற்பாடு ராஜாஜி ஆஸ்பத்திரி என்று பெயர் மாறியது இந்த ஆஸ்பத்திரிதான். அங்கே 20 ஆண்டுகள் வேலை பார்த்தார். ஒரே நாளில் 100 ஆபரேஷன் வரை செய்த நாட்களும் உண்டு.

உடைந்தால் இருட்டு

கண்ணுக்குள் ஒரு சிறிய வில்லை இருக்கிறது. பயறு வடிவம். கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். வயதானால் அது வெளுத்து மங்கிவிடும். அதுதான் புரை.

கிராமங்களில் அதற்கு மருந்து தேடி வந்தவர்கள் குறைவு. வயதானால் கண் போகும் என்று திண்ணையில் உட்கார்ந்து விடுவார்கள். அவர்களைத் தேடிப் போனார் வெங்கடசாமி. 1960-களில் ஊர் ஊராகக் கண் முகாம்கள் நடத்தினார். 1973-ல் இந்திய சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் வழங்கியது.

அந்தக் காலத்து ஆபரேஷன் எப்படி? கண்ணின் விளிம்பில் பெரிதாகக் கீறுவார்கள். மங்கிய வில்லையை, அதைச் சுற்றியுள்ள பையோடு சேர்த்து வெளியே எடுத்து விடுவார்கள். தையல் போட்டுக் கட்டுவார்கள். நோயாளி தலையை அசைக்காமல் நாட்கணக்கில் படுத்திருக்க வேண்டும்.

வில்லை போனபின் கண்ணுக்குக் குவிக்கும் சக்தி இல்லை. அதற்காகச் சோடா பாட்டிலின் அடிபோல் தடித்த மூக்குக்கண்ணாடி கொடுத்தார்கள். அதைப் போட்டால் நேரே தெரியும். பக்கவாட்டில் சரியாகத் தெரியாது. எல்லாம் பெரிதாகத் தெரியும். படியில் கால் வைத்தால் தடுமாறும்.

அந்தக் கண்ணாடி உடைந்துவிட்டால்? வயற்காட்டில் விழுந்து தொலைந்துவிட்டால்? ஆபரேஷன் செய்தும் பயனில்லை. மறுபடியும் இருட்டுதான். புதுக் கண்ணாடி வாங்கப் பணம் இல்லாதவர்கள் அதற்குப் பிறகு குருடர்களாகவே காலம் தள்ளினார்கள்.

இதற்கு ஒரு மாற்று, இங்கிலாந்தில் 1949-லேயே பிறந்துவிட்டது. ஹெரால்டு ரிட்லி என்ற லண்டன் டாக்டர், போர் விமானிகளின் கண்ணில் தெறித்த பிளாஸ்டிக் சில் கண்ணைக் கெடுக்காமல் இருந்ததைக் கவனித்தார். அதே பிளாஸ்டிக்கில் வில்லை செய்து கண்ணுக்குள்ளேயே வைத்தார். தடித்த கண்ணாடி தேவையில்லை! ஆனால் அந்த முறை தேறி, உலகம் ஏற்றுக்கொள்ள 30 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இந்திய ஏழைக்கு வந்து சேர இன்னும் நாளாயிற்று.

11 படுக்கை

1976-ல் வெங்கடசாமி சர்க்கார் வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். வயது 58. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கலாம். அவருக்குக் கல்யாணமும் ஆகவில்லை. குழந்தை குட்டியும் இல்லை.

அவர் மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார்! ஸ்ரீ அரவிந்தரிடம் பக்தி கொண்டவர் ஆனதால், அவர் பெயரையே வைத்தார்.

பணம்? வீட்டை அடமானம் வைத்தார். குடும்பத்தாரின் நகைகளும் அடகுக்குப் போயின. தங்கை டாக்டர் நாச்சியார், தங்கையின் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி எல்லோரும் கூடவே நின்றார்கள். தம்பி சீனிவாசன் கட்டட வேலையைக் கவனித்தார்.

வசதி உள்ளவர்கள் பணம் கொடுப்பார்கள். அந்த வருமானத்தில் இல்லாதவர்களுக்கு இலவசம். டாக்டர் இருவருக்கும் ஒருவரே. இதுதான் ஏற்பாடு. நன்கொடையை நம்பி உட்காரவில்லை. ஒரு தளம் கட்டுவார்கள். அதில் வரும் வருமானத்தில் அடுத்த தளம் கட்டுவார்கள். 1981-ல் மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி எழுந்தது.

தேனிக்கு வந்தது

மேற்கே மலையடிவாரத்து மக்கள் கண்ணுக்காக மதுரை வர வேண்டியிருந்தது. வருஷநாட்டுக் கிராமத்தில் இருந்து கண் தெரியாத ஒரு கிழவர் மதுரைக்கு வருவது என்றால் சாமானியமா? துணைக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு இரண்டு மூன்று நாள் கூலி போகும். பஸ் செலவு வேறு. அதனாலேயே பலர் வரவில்லை.

1985-ல் தேனியில் 100 படுக்கை ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. மதுரைக்கு வெளியே அரவிந்த் தொடங்கிய முதல் ஆஸ்பத்திரி இதுதான். தேனி அப்போது தனி மாவட்டம் அல்ல. மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1996-ல்தான் தனி மாவட்டம் ஆயிற்று.

ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் முகாம் நடக்கும். முகாமில் கண்ணைப் பரிசோதிப்பதோடு சரி. ஆபரேஷன் தேவைப்பட்டவர்களைப் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவார்கள். சாப்பாடும் படுக்கையும் அங்கேயே. முடிந்ததும் மறுபடி ஊரில் கொண்டு போய் விடுவார்கள்.

முன்பெல்லாம் பள்ளிக்கூட அறையிலேயே ஆபரேஷன் செய்தார்களே, அதை ஏன் விட்டார்கள்? சுத்தம்தான் பெரிய காரணம். அந்தச் சுத்தத்திலும் முக்கியமானது, கண்ணுக்குள் விடும் நீரின் சுத்தம்.

கண்ணும் ஒரு கண்மாய்

கம்பம் பள்ளத்தாக்கில் நீர் பாய்ச்சுவதைப் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே வருகிறது. யாரும் இறைப்பதில்லை. மேட்டில் இருந்து பள்ளத்துக்குத் தானே ஓடி வருகிறது. ஷட்டரை எவ்வளவு தூக்குகிறார்களோ அவ்வளவு தண்ணீர். அதிகம் வந்தால் வரப்பு உடையும். குறைந்தால் நாற்று காயும்.

கண்ணிலும் அதே கணக்குத்தான்.

கருவிழிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கிறது. அதில் நிற்கும் நீர் ஒரு மில்லிலிட்டரில் கால் பங்கு. அதாவது சுமார் 5 சொட்டு! இந்த நீர் கண்ணுக்குள்ளேயே ஊறுகிறது, மறுபக்கம் வடிகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் பழைய நீர் போய்ப் புது நீர் நிறைந்துவிடும். வடிகால் அடைத்தால் அழுத்தம் ஏறிக் கண் நரம்பு கெடும்.

புது முறை ஆபரேஷனில் வில்லையை மட்டும் எடுப்பார்கள். அதைச் சுற்றியுள்ள பையை விட்டுவைப்பார்கள். பிளாஸ்டிக் வில்லை உட்கார அந்தப் பை வேண்டும். பழைய முறையில் பையோடு எடுத்ததால் உள்ளே கழுவும் வேலை அதிகம் இல்லை. புது முறையில் வில்லையின் மிச்சமான சதைப்பசை பைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கழுவி எடுத்தாக வேண்டும்.

கழுவுவது எங்கே? அந்தப் பையின் பின்தோல் ஒரு மில்லிமீட்டரை 250 பங்கு செய்தால் அதில் ஒரு பங்கு கனம். தலைமயிரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! அது கிழிந்தால் வில்லை உட்காராது. உள்ளிருக்கும் கூழ் முன்னால் வந்துவிடும்.

இதற்கு ஒரு பாட்டில் போதும். நோயாளியின் கண்ணுக்கு மேலே ஏறத்தாழ 2 அடி உயரத்தில் ஸ்டாண்டில் பாட்டிலைத் தொங்கவிடுவார்கள். அதில் இருந்து மெல்லிய குழாய் வரும். குழாயின் முனையில் இரட்டைத் துளை ஊசி. அமெரிக்க டாக்டர் சிம்கோ பெயரால் அதை வழங்குவார்கள். ஒரு துளை வழியாக நீர் உள்ளே போகும். மறு துளை வழியாக டாக்டர் மெல்ல உறிஞ்சி, பசையை வெளியே எடுப்பார்.

போவதும் வருவதும் சமமாக இருக்க வேண்டும். உறிஞ்சுவது அதிகமானால் அறை சப்பையாகிவிடும். பின்தோல் எழும்பி ஊசியில் மாட்டும். நீர் அதிகமாகப் பாய்ந்தால் அழுத்தம் ஏறும். பாட்டிலை அரை அடி உயர்த்தினாலே கண்ணுக்குள் அழுத்தம் 11 புள்ளி கூடும். சாதாரணமாகக் கண்ணில் இருக்க வேண்டிய அழுத்தமே 10-ல் இருந்து 21 புள்ளி வரைதான். ஸ்டாண்டின் உயரம்தான் ஷட்டர்!

மோட்டார் வேண்டாம், கரண்டு வேண்டாம். தேனியிலும் செய்யலாம், நியூயார்க்கிலும் செய்யலாம். வெங்கடசாமியின் ஆஸ்பத்திரி இந்தச் சிக்கன முறையை மேலும் செப்பனிட்டு, சிறு கீறலில் தையல் இல்லாமல் புரை எடுக்கும் முறையாக 1990-களில் பரப்பியது. பல நாட்டு டாக்டர்கள் மதுரைக்கு வந்து அதைக் கற்றுக்கொண்டு போனார்கள்.

குழாய்த் தண்ணீர் செய்த உபகாரம்

பாட்டிலில் இருப்பது வெறும் தண்ணீர் அல்ல. வெறும் தண்ணீரை விட்டால் கருவிழியின் உட்புறத்து அணுக்கள் வீங்கிச் செத்துவிடும். அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. கருவிழி வெளுத்துவிடும்.

அதனால் உடம்பில் உள்ள உப்புகளை அதே அளவில் கலந்து நீர் தயாரிக்கிறார்கள். அதில் ஒன்றுக்கு ரிங்கர் நீர் என்று பெயர். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஏற்றும் பாட்டிலில் பலர் இந்தப் பெயரைப் பார்த்திருக்கலாம். 1880-களில் லண்டனில் இருந்த சிட்னி ரிங்கர் என்ற டாக்டரின் பெயர் அது. தவளையின் இருதயத்தைத் தனியே எடுத்து உப்பு நீரில் வைத்துத் துடிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை அது வழக்கத்தைவிட அதிக நேரம் துடித்தது. விசாரித்தால், உதவியாளர் காய்ச்சி வடித்த நீருக்குப் பதில் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டார்! குழாய்த் தண்ணீரில் இருந்த சுண்ணாம்புச் சத்துதான் இருதயத்தைத் துடிக்க வைத்தது. அந்தச் சோம்பேறித்தனத்தால் மருத்துவத்துக்குப் பெரிய லாபம்.

இந்த நீரில் கிருமி புகுந்தால் வந்தது ஆபத்து. ஒரே தொகுதி பாட்டில்கள் ஒரு வரிசை நோயாளிகளுக்கும் போகும். காலையில் ஆபரேஷன் செய்துகொண்ட 20 பேரும் மறுநாள் சீழ் வைத்த கண்ணோடு எழுந்திருப்பார்கள். இந்தியாவில் பல இடங்களில் இப்படி நடந்து, மொத்தம் மொத்தமாகக் கண்கள் போயிருக்கின்றன. ஏழைகளுக்கு இலவசம் என்று சொல்லி நீரில் சிக்கனம் பிடிப்பது கொடுமை.

ரொட்டிக்கடையில் பாடம்

வெங்கடசாமிக்கு ஒரு விசித்திரமான ஆசை இருந்தது. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் என்ற ரொட்டிக்கடை உண்டு. உலகம் முழுவதும் கிளைகள். எந்த ஊர்க் கடையில் வாங்கினாலும் ரொட்டி ஒரே அளவு, ஒரே ருசி. சமையல் நிபுணர் யாரும் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண இளைஞர்கள்தான். அதை அவர் நேரில் போய்ப் பார்த்தார். கண் வைத்தியத்தையும் அப்படி ஏன் கொடுக்க முடியாது என்று யோசித்தார்.

கிராமத்துப் பெண்களை எடுத்து 2 ஆண்டுகள் பயிற்சி கொடுத்தார்கள். பார்வை அளப்பது, மருந்து விடுவது, கருவிகளைக் காய்ச்சிச் சுத்தம் செய்வது, பாட்டிலை மாட்டுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆபரேஷன் அறையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜைகள். ஒரு மேஜையில் டாக்டர் வேலை செய்யும்போது அடுத்த மேஜையில் நோயாளி தயாராக இருப்பார். டாக்டர் திரும்பி உட்கார்ந்தால் போதும்.

வேகம் பெருகியது. செலவு குறைந்தது. ஆனால் பிளாஸ்டிக் வில்லை மட்டும் குறையவில்லை. வெளிநாட்டு வில்லை ஒன்று 100 டாலருக்கு மேல். பணக்காரருக்கு வில்லை, ஏழைக்குப் பழையபடி தடித்த கண்ணாடி. 1990-ஐ ஒட்டி அவருடைய ஆஸ்பத்திரியிலேயே நிலைமை இதுதான். இதை ஒளிப்பதில் அர்த்தம் இல்லை. இருவருக்கும் ஒரே வைத்தியம் என்று தொடங்கிய ஆஸ்பத்திரிக்கு இது உறுத்தலான விஷயம்.

1992-ல் மதுரையில் ஆரோலேப் என்ற தொழிற்சாலை தொடங்கப்பட்டது. அங்கேயே வில்லை செய்தார்கள். விலை சுமார் 10 டாலர்! பிறகு இன்னும் குறைந்தது. 100-க்கு மேற்பட்ட நாடுகளுக்கு அந்த வில்லை போயிற்று. தேனியில் இலவசப் பிரிவில் படுத்த கிழவிக்கும் கண்ணுக்குள் வில்லை கிடைத்தது.

வில்லையை உள்ளே வைக்கும்போது இன்னொரு திரவம் வேண்டும். கெட்டியான பாகு போன்றது. அறை சுருங்காமல் தாங்கிப் பிடிக்கும். கருவிழியின் அணுக்கள் மீது வில்லை உரசாமல் காக்கும். 1980-ஐ ஒட்டி மேல்நாட்டில் அதைச் சேவல் கொண்டையில் இருந்து எடுத்தார்கள். விலை பயங்கரம்! மரநாரில் இருந்து எடுக்கும் பொருளைக் கொண்டு மலிவான பாகும் தயாரிக்க முடிந்தது. ஆரோலேப் அதையும் செய்தது.

பல் டாக்டர் நாற்காலியில் பிறந்த யோசனை

இன்னொரு பக்கம் யந்திர முறை வளர்ந்தது. நியூயார்க்கில் சார்லஸ் கெல்மன் என்ற கண் டாக்டர் ஒருநாள் பல் டாக்டரிடம் போனார். பல் அழுக்கை எடுக்க, காதுக்குக் கேட்காத வேகத்தில் அதிரும் முனையை அவர் பல்லில் வைத்தார். கூடவே நீர்ச் சாரல். கெல்மனுக்குப் பொறி தட்டியது. இதே அதிர்வால் புரையைக் கரைத்து உறிஞ்சினால் என்ன? 1967-ல் செய்து காட்டினார்.

அதிரும் முனை சூடாகும். அதைச் சுற்றி நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். குழாய் ஒரு கணம் அடைத்தாலும் கருவிழி வெந்துவிடும். யந்திரமே நீரின் அழுத்தத்தை அளந்து, கூட்டிக் குறைக்கிறது. ஆனால் அந்த யந்திரத்தின் விலை பல லட்சம். அதனால் வெங்கடசாமியின் ஆஸ்பத்திரிகளில் யந்திரமும் இருந்தது. ஸ்டாண்டில் தொங்கும் பாட்டிலும் இருந்தது.

கத்தி இல்லாத வெளிச்சம்

புரை எடுத்துச் சில வருஷம் கழித்து, விட்டுவைத்த பின்தோல் சிலருக்கு மங்கும். முன்பு அதை வெட்ட மறுபடி கத்தி எடுக்க வேண்டும். 1980-களில் லேசர் வந்தது. கண்ணில் ஒரு கண்ணாடிக் குமிழை வைத்து, லேசர் ஒளியைக் குறிபார்த்து விடுகிறார்கள். மங்கிய தோலில் ஜன்னல் போல ஒரு துளை விழுகிறது. சில நிமிஷ வேலை. குமிழுக்கும் கண்ணுக்கும் நடுவே கெட்டியான திரவம் ஒரு சொட்டு விடுகிறார்கள். நடுவே காற்றுக் குமிழி நின்றால் ஒளி சிதறும், குறி தப்பும்.

பல்லுக்கும் லேசர் வந்திருக்கிறது. அங்கேயும் நீர்தான் காவல். பல்லில் படும் லேசர் சூடு உள் நரம்பைச் சுடாமல் இருக்கச் சாரல் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். சாரல் குறைந்தால் பல் கருகும். மிஞ்சினால் நீரே ஒளியைக் குடித்துவிடும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் கண் கேடு இன்னும் சிக்கலானது. கண்ணின் பின்திரையில் பலவீனமான புது ரத்தக் குழாய்கள் முளைத்து உடையும். கண்ணுக்குள் ரத்தம் தேங்கும். டாக்டர் நம்பெருமாள்சாமி இந்தப் பின்திரை வைத்தியத்தில்தான் பேர் பெற்றார்.

இந்த ஆபரேஷனில் கண்ணின் வெள்ளையில் 3 சிறு துளைகள் போடுவார்கள். ஒன்றில் நீர் உள்ளே போகும். ஒன்றில் விளக்கு. மூன்றாவதில் ரத்தம் கலந்த கூழை வெட்டி உறிஞ்சும் கருவி. கூழின் அளவு சுமார் 4 மில்லிலிட்டர். எடுக்க எடுக்க, அதே அளவு நீர் நிரம்ப வேண்டும். உள்ளே தெளிந்ததும், அதே துளை வழியாக நூல் போன்ற லேசர் இழையை விட்டுப் பின்திரையில் புள்ளி புள்ளியாகச் சுடுவார்கள். நீர் நின்றால் கண் பந்து காற்றுப்போன பலூன் போலச் சுருங்கும். அழுத்தம் ஏறி அப்படியே நின்றால் பின்திரைக்கு ரத்தம் போகாது. நடுவில் எங்காவது ரத்தம் கசிந்தால், டாக்டர் சொல்லுவார், நீரின் அழுத்தத்தைச் சற்று உயர்த்துவார்கள், கசிவு நிற்கும், உடனே இறக்கிவிடுவார்கள். மடைக்காரர் கை போலத்தான்.

லேசர் இருக்கிற பார்வையைக் காக்கும். போன பார்வையைக் கொண்டுவராது. அதனால் சர்க்கரை உள்ளவர்கள் கண் நன்றாகத் தெரியும்போதே ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கடைசி ஆண்டுகள்

வயதான பிறகும் வெங்கடசாமி ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறுத்தவில்லை. கத்தியைக் கீழே வைத்த பின்னும் வார்டுகளைச் சுற்றி வந்தார். கோணிய விரல்களால் நோயாளிகளின் கையைப் பிடித்துப் பேசினார்.

அந்தக் கடைசி ஆண்டுகளில்தான் தேனிப் பக்கம் ஒரு புது முயற்சி நடந்தது. சுற்றியுள்ள சிறு ஊர்களில் கண் மையங்கள் திறந்தார்கள். அங்கே டாக்டர் இல்லை. பயிற்சி பெற்ற பெண்கள் மட்டும். அமெரிக்காவில் உள்ள பெர்க்லி பல்கலைக்கழகத்தார் அமைத்துக் கொடுத்த கம்பியில்லாத் தொடர்பின் மூலம், தேனி ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் அந்த நோயாளியைத் திரையில் பார்த்துப் பேசினார். கண்ணாடி போதும் என்றால் அங்கேயே முடிந்தது. ஆபரேஷனோ லேசரோ தேவை என்றால் மட்டும் தேனிக்கு வந்தால் போதும். துணை ஆளுக்குக் கூலி நஷ்டம் இல்லை.

2006-ம் ஆண்டு ஜூலை 7-ந்தேதி மதுரையில் டாக்டர் வெங்கடசாமி காலமானார். வயது 87.

2008-ல் அரவிந்த் ஆஸ்பத்திரிக்கு உலக சுகாதாரத்துக்கான கேட்ஸ் விருது கிடைத்தது. 2018 அக்டோபர் 1-ந்தேதி, அவர் பிறந்த நூறாவது ஆண்டு நாளில், கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை வரைந்து வைத்திருந்தது.